விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது: நன்றாக ஓடும் மூன்று கணினிகளை என்ன செய்வது?

பேரேடு கேட்டது:

வணக்கம். விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கெழுதிக் கொடுக்கும் அலுவலகம் நடத்தி வருகிறேன். மளிகைக் கடை, அரிசி ஆலை, இரும்புக் கடை, இரண்டு தீப்பெட்டி ஆபீஸ் என நாற்பதுக்கு மேற்பட்டவர்களின் வரவு செலவும் ஜிஎஸ்டி தாக்கலும் என் பொறுப்பில் இருக்கின்றன. அலுவலகம் என்று பெருமையாகச் சொன்னாலும் அது வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய ஓர் அறைதான்.

அந்த அறையில் மூன்று மேசைக் கணினிகள் உள்ளன. முதலாவது, 2014-இல் வாங்கிய, இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர் கொண்டது. கணக்கெழுதும் மென்பொருளான டாலியின் தரவு முழுவதும் இதில்தான் இருக்கிறது. அகலமான பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இதன் பின்புறமுள்ள பேரலல் போர்ட்டில்தான் மாட்டியிருக்கிறது. இரண்டாவது, 2016-இல் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ3. உதவிக்கு வரும் பெண் அதில் அமர்ந்து பில்களைப் பதிவு செய்கிறார். மூன்றாவது, மகன் கல்லூரியில் சேர்ந்தபோது 2018 இறுதியில் வாங்கியது. பில்லில் ஐ3-8100 என்று எழுதியிருக்கிறது. வரித் துறை இணையதளங்கள், வங்கி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகிய வேலைகளை நான் இதில் பார்க்கிறேன். மூன்றும் ஒரே நெட்வொர்க்கில் இணைந்திருக்கின்றன. மூன்றிலும் இருப்பது விண்டோஸ் 10.

2025 அக்டோபர் 14-உடன் அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டதை அறிவேன். எங்கள் ஊரில் சர்வீஸ் செய்பவர் வந்து பார்த்துவிட்டு, மூன்றுமே விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை, ஆனால் தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்றித் தர வழி இருக்கிறது, கணினிக்கு 800 ரூபாய் ஆகும் என்றார். பக்கத்து நகரத்துக் கடைக்காரரோ, “ஐ5, 8 ஜிபி, விண்டோஸ் 11 போட்டே தருகிறோம்” என்று கூறி, பழையதைப் புதுப்பித்த கணினி ஒன்றுக்கு 14,000 ரூபாய் விலை சொன்னார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் எல்லாவற்றுக்கும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையே ஒரே மருந்தாகச் சொல்கிறான்.

என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மாதம் ஆயிரம் ரூபாய் தருவதற்கே இரண்டு முறை நினைவூட்ட வேண்டியவர்கள். மூன்று கணினிகளும் இன்றைக்கும் ஒரு குறையுமின்றி ஓடுகின்றன. ஆகவே என் கேள்வி இதுதான்: இந்த ஆபத்து உண்மையா, அல்லது விற்பனைக்காகக் காட்டும் பூச்சாண்டியா? உண்மையென்றால், கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை முதலில் எதில் போடுவது?

—

திருப்புளி எழுதியது:

ஐயா, மதுரையில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மூன்றாவது கணினியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தகுதியற்றது என்று சொன்னவர் சரியாகப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் (கணினி எழும்போது போலி நிரல் நுழையாமல் தடுக்கும் ஏற்பாடு), டிபிஎம் 2.0 ஆகியவற்றோடு, மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும். இன்டெல்லைப் பொறுத்தவரை, ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, அந்தப் பட்டியல் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. ஐ3-8100 எட்டாம் தலைமுறை, பட்டியலில் இருக்கிறது. டிபிஎம் என்பது மறைகுறியாக்கச் சாவிகளைப் பூட்டி வைக்கும் ஒரு சிறு பெட்டகம். அது தனிச் சில்லாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தத் தலைமுறையில் பிராசசரோடு சேர்ந்தே வருகிறது, இன்டெல் அதற்குப் பிடிடி என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் இது பயாஸில் (விண்டோஸ் எழும் முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டே கடைக்கு வந்தது. சோதிக்கும் மென்பொருள் “டிபிஎம் இல்லை” என்று காட்டியதும், பயாஸைத் திறந்தே பார்க்காமல் கணினியை ஒதுக்கிவிடுகிறார்கள். இப்படி ஒதுக்கப்பட்டு எக்ஸ்சேஞ்சுக்கு வந்த கணினிகளை நானே கடையில் கண்டிருக்கிறேன்.

செய்யும்போது ஓர் எச்சரிக்கை. 2018-இல் விண்டோஸ் ஏற்றியவர் பழைய லெகசி முறையில் ஏற்றியிருந்தால், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகுப்பு அமைப்பில் இருக்கும். அதை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றாமல் பயாஸில் மட்டும் யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கு மாற்றினால் கணினி எழும்பாது, நீங்களும் பயந்துபோவீர்கள். தரவை அழிக்காமல் மாற்றித் தரும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. இருந்தாலும் முதலில் தரவைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான விண்டோஸ் 10 உரிமம் உள்ள கணினிக்கு 11 இலவசமாகவே கிடைக்கும், தனியாகச் சாவி வாங்க வேண்டாம்.

அடுத்தது, 800 ரூபாய் குறுக்குவழி. அது வேலை செய்யாது என்று சொன்னால் பொய்; வேலை செய்யும். ஆனால் தகுதியற்ற கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தரவில்லை. மாதாந்திரப் புதுப்பிப்புகள் இப்போது வந்துகொண்டிருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக இறங்காது, மறுபடியும் ஆளைக் கூப்பிட வேண்டும். இதைவிட என்னை அச்சுறுத்துவது, அப்படி ஏற்றுகிறவர்கள் சிலர் தங்கள் பென் டிரைவிலிருந்து கூடவே போட்டுவிட்டுப் போகும், உரிமமில்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோலக் காட்டும் ‘ஆக்டிவேட்டர்’தான். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் அதை ஓட்ட வேண்டும் என்பார்கள். வாசற்கதவைத் திறந்து வைத்தால்தான் வீட்டுக்குக் காவல் இருப்பேன் என்று சொல்லும் கூர்க்காவை யாராவது வேலைக்கு வைப்போமா?

புதுப்பித்த கணினி வாங்குவதில் தவறில்லை, நானும் விற்கிறேன். ஆனால் ‘ஐ5’ என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம், அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ5-4590 என்றால் நான்காம் தலைமுறை, ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து எங்கள் ஊர் வரை, நான்காம் தலைமுறைப் பெட்டியில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றி, நீலத் திரை பளபளக்க அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் முதல் கணினியையே 14,000 கொடுத்து இன்னொரு முறை வாங்கிய கதையாகிவிடும்.

ரேம் கூட்ட வேண்டுமானால் அவசரப்படாதீர்கள், அல்லது உண்மையிலேயே தேவையென்றால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் முரணாகத் தெரியும், ஆனால் இன்றைய சந்தை அப்படி இருக்கிறது. உலகத்தின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே செய்கின்றன. அவை செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குத் தேவையான விலை உயர்ந்த வகைக்கு உற்பத்தியைத் திருப்பியதால், 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து சாதாரண ரேம் விலை ஏறிக்கொண்டே போனது. மைக்ரான் தன் ‘குரூஷியல்’ பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. என் கடையில் ஒரே 8 ஜிபி ரேமுக்குக் காலையில் ஒரு விலை சொல்லி, மாலையில் வேறு விலை சொல்லி வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதல் இரண்டு கணினிகளையும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு செய்து, பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான ஓராண்டு நீட்டிப்பை இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள். அது 2026 அக்டோபர் 13 வரை வரும்.

—

செலவுக்கணக்கு எழுதியது:

எல்லோரும் நிறுவனத்தின் பக்கமிருந்தே பேசுவதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். 2015-இல் விண்டோஸ் 10 வெளிவந்த வேளையில், அதுதான் கடைசி விண்டோஸ் என்று அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே மாநாட்டு மேடையில் சொன்னார். ஆறு ஆண்டுகளில் 11 வந்தது. மின்சாரம் பாய்கிற, விசிறி சுற்றுகிற, கணக்குத் தப்பாமல் போடுகிற ஓர் இயந்திரத்தை, அதன் சொந்தக்காரர் அல்லாத ஒருவர் “இது செத்துவிட்டது” என்று அறிவிக்க முடிகிறது என்றால், நாம் காசு கொடுத்து வாங்கியது கணினியையா, வாடகை ஒப்பந்தத்தையா?

நான் ஸ்டிக்கர் வெட்டும் கடை வைத்திருக்கிறேன். வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் கணினியில் இன்றும் விண்டோஸ் 7-தான். பதினோரு ஆண்டாக ஒன்றும் ஆகவில்லை. மாறாக, 2024 ஜூலை 19 அன்று என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். பாதுகாப்புக்காகவே காசு கொடுத்து வைத்திருந்த கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளின் ஒரு பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு என் விண்டோஸ் 7 வழக்கம்போல வெட்டிக்கொண்டிருந்தது.

பேரேடு ஐயா, ஓடுகிறவரை ஓட்டுங்கள்.

—

இரவுப்பணி எழுதியது:

ஒரு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் பணியின் பெரும்பகுதி, ஏதேனும் நடந்த பிறகு, எப்படி நடந்தது என்று தடம் பார்ப்பது.

செலவுக்கணக்கு அண்ணன் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். அவருடைய விண்டோஸ் 7 பிழைத்திருப்பதற்குக் காரணம், அது இணையத்தில் இல்லை என்பதுதான் என்று ஊகிக்கிறேன். அந்தக் கணினியில் திருட ஒன்றுமில்லை. அது வெட்டும் ‘ஸ்ரீ முருகன் துணை’ ஸ்டிக்கரை யாரும் பிணையாகப் பிடித்துப் பணம் கேட்கப்போவதில்லை. பேரேடு ஐயாவின் முதல் கணினியில் நாற்பது குடும்பங்களின் பிழைப்பு இருக்கிறது.

ஆபத்து உண்மையா என்று கேட்டீர்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல், 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இங்கே கேரளத்தில் ஊராட்சி அலுவலகங்கள் சிலவற்றில் கோப்புகள் திறக்கவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் அகப்பட்டார்கள். பலரும் நினைப்பதுபோல அதில் சிக்கியவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அந்த நிரல் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது, விண்டோஸில் கோப்புறைகளைப் பகிரப் பயன்படும் அதே வழியில். உங்கள் அலுவலகத்தில் இரண்டாவது கணினி முதல் கணினியில் உள்ள டாலி கோப்புறையைத் திறப்பதும் இதே பகிர்வு ஏற்பாட்டால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸ் 11-க்குப் புதுப்பிப்பு வருகிறது. 10-உம் 11-உம் உள்ளே பெருமளவு ஒரே நிரலைப் பகிர்ந்துகொள்பவை. ஆகவே 11-இல் எந்த இடத்தைத் தைத்தார்கள் என்று பார்த்தாலே, 10-இல் எந்த இடம் கிழிந்திருக்கிறது என்பது திருடனுக்குத் தெரிந்துவிடும். 2025 அக்டோபர் 14-க்கு மறுநாளே ஆபத்து வந்துவிடவில்லை. மாதந்தோறும் ஒரு தையல் பிரிகிறது, அவ்வளவுதான். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் விண்டோஸ் 10-இல் 2028 அக்டோபர் வரை வரும் என்பதால், திரையின் மூலையில் பச்சைக் குறி தெரிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். காவலர் இருக்கிறார், சுவரில்தான் ஓட்டை இருக்கிறது.

திருப்புளி அண்ணன் சொன்ன இலவச நீட்டிப்பில் ஒரு திருத்தம். அது தனிப்பட்ட பயன்பாட்டுக் கணினிகளுக்கானது. அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்தாலோ 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைச் செலவிட்டாலோ கட்டணமில்லை, அல்லது 30 டாலர். தொழிலுக்குப் பயன்படுத்தும் கணினிக்கு விதி வேறு: முதலாண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இரு மடங்கு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இரு மடங்கு. கூட்டினால் ஒரு கணினிக்கு 427 டாலர். பத்தாண்டுப் பெட்டிக்கு அந்தப் பணத்தைக் கட்டுவதை, கணக்கெழுதும் உங்களிடம் நான் பரிந்துரைத்தால் சிரிப்பீர்கள்.

இனி எதில் பணம் போடுவது என்பதற்கு வருகிறேன். மூன்று கணினிகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். பணத்தையும் கடவுச்சொற்களையும் தொடும் கணினி எது, இணையத்தைத் தொடும் கணினி எது என்று பிரியுங்கள். அந்த வேலைகள் எல்லாம் மூன்றாவதில் மட்டும் நடக்கட்டும். அதற்கு 11 கிடைத்துவிட்டால் உங்கள் பிரச்சினையில் பெரும்பாதி காசில்லாமல் தீர்கிறது. டாலி தரவையும் அதற்கே கொண்டுவந்துவிடுங்கள். டாலி உரிமத்தைப் பழைய கணினியில் சரண்டர் செய்து புதியதில் இயக்க முடியும். முதல் கணினியை வெறும் அச்சடிக்கும் பெட்டியாக்கி, நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். அச்சுக்கான கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம். ஆனால் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ் வேறு, இது வேறு. இதற்கென்று ஒன்றைச் சிவப்பு நூல் கட்டித் தனியே வையுங்கள். கோப்புறைகளையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றும் அந்தப் பழைய வைரஸ் இன்னும் ஜெராக்ஸ் கடைகளில் உயிரோடுதான் இருக்கிறது.

செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். சிறிய அலுவலகங்களில் “பேக்கப் இருக்கிறதா?” என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் ‘டி டிரைவ்’ என்பார்கள். ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள் அவை; ஒரே பெட்டியில் இரண்டு அறை. மீதிப் பேர், கணினியின் பின்னால் எப்போதும் செருகியபடியே இருக்கும் ஒரு டிஸ்க்கைக் காட்டுவார்கள். தரவைப் பூட்டும் நிரல் உள்ளே வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். ஒரு ஜவுளிக் கடையின் கணக்கர் தன் ஆறு ஆண்டுத் தரவும் அதன் நகலும் ஒரே இரவில் ஒரே விகுதியோடு பெயர் மாறிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, சுட்டியைத் தொடாமலே அமர்ந்திருந்தார். அந்த மேசைக்கு எதிரே நான் இருந்தேன். ஆகவே திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை மற்றொன்று என மாற்றி மாற்றிப் படியெடுத்து, உடனே கழற்றி, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றை வேறு வீட்டிலும் வையுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் தரவை அதிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கு கையில் இருக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றாடம் பயன்படுத்தும் பயனர் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டராக இல்லாமல் சாதாரணக் கணக்காக இருக்கட்டும். அதற்குச் செலவே இல்லை.

—

பேரேடு எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரவுப்பணி அம்மா, ஒன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வாடிக்கையாளர்களின் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரு நீண்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மகன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறான். மூன்றாவது கணினியின் குரோமிலும் அவை சேமிக்கப்பட்டுள்ளன.

—

இரவுப்பணி எழுதியது:

நோட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேசைமேல் கிடந்தால் தவறு. பீரோவில் பூட்டி வைத்து, வேலைக்கு எடுத்து, மாலையில் திரும்ப வைப்பீர்களானால், டெஸ்க்டாப்பில் ‘பாஸ்வேர்டு’ என்று பெயரிட்டு வைத்திருக்கும் எக்செல் கோப்பைவிட அது நூறு மடங்கு மேல். ரஷ்யாவில் உட்கார்ந்திருப்பவனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. என் துறையில் எல்லோரும் இதை ஒப்ப மாட்டார்கள்; கடவுச்சொல் மேலாண்மை மென்பொருளையே சொல்வார்கள், அதுவே சிறந்ததும்கூட. ஆனால் நீங்கள் உண்மையில் கடைப்பிடிக்கப்போவது எது என்பதையும் பார்க்க வேண்டும்.

குரோமில் சேமித்தவைதான் எனக்குக் கவலை. ஆக்டிவேட்டர், இலவச மென்பொருள் என்ற வேடத்தில் வரும் திருட்டு நிரல்கள் முதலில் அள்ளுவது உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத்தான், அதற்குச் சில நொடிகள் போதும். வங்கிக்கும் வரித் தளங்களுக்கும் உரியவற்றை அங்கிருந்து நீக்கிவிடுங்கள். இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் ஓடிபி கட்டாயமாகிவிட்டது. எரிச்சலாக இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றும் எரிச்சல். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் ஓடிபி அனுப்பும் பழக்கத்தால், ஓடிபி கேட்டால் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு ஊறிவிடுவதுதான் இதில் வருத்தம். உங்கள் குரலைக் கேட்டால் மட்டும் சொல்லும்படி அவர்களைப் பழக்குங்கள். “வங்கியிலிருந்து பேசுகிறோம், திரையைப் பகிருங்கள்” என்று யாராவது அழைத்து தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கை ஏற்றச் சொன்னால், எந்தப் புதிய கணினியும் அங்கே உதவாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையமோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

—

வெண்பலகை எழுதியது:

ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். லினக்ஸின் பக்கம் பேச வந்தேன், ஆனால் பேரேடு ஐயாவின் மகன் சொல்வதுபோல எல்லாவற்றுக்கும் அதுவே என்று சொல்ல வரவில்லை.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு கதை. கற்றுத் தரச் சொல்லி எங்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. பக்கத்தில் கேரளம் பள்ளிப் பாடத்தையே கட்டற்ற மென்பொருளில் அமைத்தது, அங்கே அது வேரூன்றியது.

எங்கள் ஆய்வகத்தில் நான்காம் தலைமுறைக் கணினிகள் ஒன்பதில், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றியிருக்கிறேன். மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ்99 விசைப்பலகை நன்றாக வேலை செய்கிறது. முன்பு கணினியைப் போட்டுவிட்டு வருகைப் பதிவை முடித்துவிடுவேன். இப்போது முதல் வரிசைப் பெயர்களைக் கூப்பிடுவதற்குள் திரை வந்துவிடுகிறது. ஆனால் பழைய வானவில், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்ற ஒரு கோடை விடுமுறையே போயிற்று. டாலி லினக்ஸுக்கென்று வருவதில்லை. கையொப்ப டோக்கன்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, சிலவற்றுக்கு மல்லுக்கட்ட வேண்டும். மாதத்தின் 20-ஆம் தேதி ஜிஎஸ்டியின் 3பி அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டியவர், 19-ஆம் தேதி இரவு டிரைவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் தொழிலுக்கு அது வேண்டாம் ஐயா. ஆனால் நீங்கள் கழிக்கும் கணினி எங்கள் பள்ளிக்கு வேண்டும், வெட்கப்படாமல் கேட்கிறேன்.

—

திருப்புளி எழுதியது:

இரவுப்பணி அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன், வணிகக் கணினிக்கான விதியை நான் பார்க்கவில்லை.

பள்ளிக்குக் கொடுத்தாலும் காயலான் கடைக்குக் கொடுத்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் எடைக்கு வாங்கிய பெட்டிகளில் ஒன்றைச் சோதனைக்காக மின்சாரத்தில் போட்டேன். கடவுச்சொல்கூடக் கேட்காமல் திறந்து, ஒரு நிறுவனத்தின் ஊழியர் சம்பளப் பட்டியலை ஆதார் நகல்களோடு காட்டியது. துளைபோடும் இயந்திரத்தால் அந்த டிஸ்க்கில் நான்கு ஓட்டை போட்டேன். கோப்புகளை அழித்துக் குப்பைத் தொட்டியைக் காலி செய்வதெல்லாம் பேரேட்டின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் பக்கங்களை அப்படியே விடுவதைப் போன்றது.

—

செலவுக்கணக்கு எழுதியது:

என் விண்டோஸ் 7 கணினியில் நெட்வொர்க் கம்பி மாட்டித்தான் இருந்தது. வேறொரு கணினியிலிருந்து டிசைன் அனுப்ப வசதியாக இருக்கும் என்று எப்போதோ மாட்டியது, மறந்துவிட்டேன். இன்று காலை பிடுங்கிவிட்டேன். விலையைப் பற்றிச் சொன்ன கருத்தில் மாற்றமில்லை.

—

பேரேடு எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், தாக்கல் வாரம்.

மூன்றாவது கணினி தகுதியுள்ளதுதான். மகன் வீடியோ அழைப்பில் வழிகாட்ட, நான் ஒரு கையில் கைபேசியைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டெலிட் விசையைத் தட்டிப் பயாஸுக்குள் போனேன். பிடிடி என்ற வரியில் ‘டிசேபிள்ட்’ என்றுதான் இருந்தது. டிஸ்க்கும் திருப்புளி அவர்கள் ஊகித்தபடி எம்பிஆர்தான். இரவு ஒன்பதரைக்குத் தொடங்கி, மாற்றி, 11 ஏறி முடிய மணி ஒன்றாகிவிட்டது. அதுவரை மனைவி இரண்டு முறை தேநீர் கொடுத்துவிட்டு, “அந்த 800 ரூபாயையே கொடுத்திருக்கலாம்” என்றாள்.

மறுநாள் டாலி தரவை அதற்கு மாற்றினேன். பேக்கப்பை மீட்டுப் பார்க்கச் சொன்னீர்கள் அல்லவா? பழைய டி டிரைவ் பேக்கப்பிலிருந்து ஓர் அரிசி ஆலையின் கணக்கைத் திறக்க முயன்றேன். 2023 நவம்பரோடு நின்றிருந்தது. தானாகப் படியெடுக்கும் ஏற்பாடு அன்றைக்கு எதனாலோ அறுந்திருக்கிறது, இரண்டு ஆண்டுக்கு மேலாக நான் அதைப் பார்க்கவேயில்லை. அன்று மாலையே இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். ஒன்று என் தங்கை வீட்டு அரிசிப் பானைக்கு மேலுள்ள அலமாரியில் இருக்கிறது.

இரண்டாவது கணினிக்கு மாற்றாக ஐ5-8500 ஒன்றை, எண்ணைப் படித்துப் பார்த்தே வாங்கினேன். 14,000 சொன்னவரிடம் தலைமுறையைக் கேட்டதும், உள்ளே போய் வேறொரு பெட்டியை எடுத்துவந்து 17,500 என்றார். முதல் கணினி, கம்பியில்லாமல், அந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்காக மட்டும் மூலையில் இருக்கிறது.

வெண்பலகை அம்மா, ஆறாம் தலைமுறை ஐ3 உங்கள் பள்ளிக்குத்தான். டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன், எஸ்எஸ்டி நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ரேம் 4 ஜிபி ஒன்றுதான் இருக்கிறது, இன்னொரு ஸ்லாட் காலி. மின்ட்டுக்கு அது போதுமா, அல்லது முதல் கணினியிலிருந்து ஒரு ரேமைக் கழற்றித் தந்தால் பொருந்துமா?

—

திருப்புளி எழுதியது:

பொருந்தாது ஐயா. நான்காம் தலைமுறையில் இருப்பது டிடிஆர்3. ஆறாம் தலைமுறையில் பெரும்பாலும் டிடிஆர்4, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்திச் செருகினால் ஸ்லாட் உடையும். மூடியைத் திறந்து ரேமின் மேலுள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடுங்கள். டிடிஆர்4 என்றால் என் மேசை இழுப்பறையில் கழற்றிப்போட்ட 4 ஜிபி ஒன்று இருக்கிறது, பள்ளிக்கென்றால் காசு வேண்டாம்.